பிள்ளைகளோடு சிங்கப்பூரில் தங்க வரும் பெற்றோர்: பணம், பாஸ், மருத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் சில ஆண்டுகளாக என்னோடு சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறார்கள். அவர்களை இங்கே வரவழைத்தபோது எனக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் அவர்களை வரவழைத்தது மற்றவர்கள் காதில் விழுந்து, தேக்கா சந்தையில் காய் வாங்கும்போதுகூட யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து பெரியவர்களே போன் செய்து கேட்பதும் உண்டு. அந்தக் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, என் அப்பா அம்மாவை எந்தப் பாஸில் கூட்டி வருவது?

கொஞ்ச நாள் வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போவதற்குச் சாதாரண விசா போதும். மாதக்கணக்கில் தங்க வேண்டுமென்றால் நீண்டகால வருகை அனுமதி வேண்டும். எல்.டி.வி.பி. என்று நாம் சொல்வது அதைத்தான்.

நீங்கள் எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், வேலை பார்த்தால் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரை அழைக்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளை அழைக்க 6,000 வெள்ளி போதும். பெற்றோருக்கும் அந்த 6,000 போதும் என்று நம்பிப் பலர் டிக்கெட்வரை போய்விடுகிறார்கள். நீங்கள் நிரந்தரவாசி அல்லது குடிமகன் என்றால், விண்ணப்பம் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குப் போகும்.

பாஸ் கிடைத்துவிட்டது. இனி இங்கேயே இருந்துவிடலாம் அல்லவா?

இருக்கலாம். ஆனால் எந்த நம்பிக்கையில் இருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூலம் வந்த பெற்றோரின் அனுமதி, பிள்ளையின் பாஸோடு கட்டப்பட்டது. பிள்ளைக்கு வேலை போய் அவர் பாஸ் ரத்தானால், பெற்றோரின் அனுமதியும் கூடவே ரத்தாகும். அதன் பிறகு கையில் இருப்பது பொதுவாக 30 நாள் குறுகியகால அனுமதிதான். அந்த 30 நாளில் வீட்டைக் காலி செய்து, பேரப்பிள்ளையின் பள்ளியை மாற்றி, எழுபது வயதுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும்.

நிரந்தரவாசியின் பெற்றோருக்கும் அந்த அனுமதி காலக்கெடு உள்ளதுதான். ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு கேட்க வேண்டும். குடிமக்கள் தங்கள் வயதான பெற்றோருக்காக நிரந்தரவாசத்துக்கே விண்ணப்பிக்க முடியும். கிடைக்குமா என்பது ஆணையத்தின் முடிவு. அதை எதிர்பார்த்து ஊரில் எதையும் கலைக்காதீர்கள்.

நான் யாரிடமும் முதலில் சொல்வது இதுதான்: 30 நாளில் ஊர் திரும்பி அங்கே வாழ்க்கையைத் தொடர முடிகிற மாதிரி பணத்தை வைத்துக்கொண்டு வாருங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

அப்படியானால் ஊர் வீட்டை விற்க வேண்டாம் என்கிறீர்களா? பூட்டிக் கிடந்து பாழாகிறதே.

முதல் இரண்டு வருடம் விற்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

என் தோழி ஒருத்தியின் மாமனார் மாமியார் கும்பகோணம் வீட்டை விற்று, அந்தப் பணத்தை மகன் இங்கே வீடு வாங்கக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பதினாலு மாதத்தில் மாமியாருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. பதினோராவது மாடி, பகல் முழுக்கத் தனிமை, பேச ஆள் இல்லை. திரும்பிப் போகலாம் என்றால் போக வீடு இல்லை. இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மகன் நல்லவன், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். ஆனாலும் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர், வீட்டுக்காரர் முகம் பார்த்து இருக்க வேண்டியிருக்கிறது.

பூட்டி வைக்க மனமில்லையென்றால், ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, ஒரு அறையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வீடும் மூச்சு விடும், மாதம் கொஞ்சம் பணமும் வரும்.

விற்றே ஆக வேண்டுமென்றால் எப்போது விற்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 2024 ஜூலை 23 முதல் இந்தியாவில் நிலம், வீடு விற்ற நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கக் கழிவு கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்து என்றால், பழைய முறையில் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவர் என்ற வரி நிலையில் இருக்கும் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். வெளிநாட்டில் வசிப்பவர் ஆன பிறகு விற்றால் அது கிடையாது. மேலும் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரியும் வெகுவாகக் கூடும். கிளம்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது இதற்காகவே தகும்.

உடம்புக்கு வந்தால் இங்கே என்ன செலவாகும்?

எனக்கு இரவில் தூக்கம் வராமல் செய்த கேள்வி இதுதான். அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

மெடிஷீல்டு லைஃப் என்ற சிங்கப்பூர் அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வருகை அனுமதியில் இருக்கும் பெற்றோருக்கு அது கிடையாது. அரசு மருத்துவமனையிலும் பலதுறை மருந்தகத்திலும் மானியமும் கிடையாது, முழுக் கட்டணம்தான். பிள்ளையின் கம்பெனிக் காப்பீடு பெரும்பாலும் மனைவி, பிள்ளைகளோடு நின்றுவிடும். பெற்றோர் அதில் இருக்கிறார்களா என்று கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல் போதாது.

அப்பாவுக்கு இங்கே வந்த இரண்டாம் வருடம் நெஞ்சுவலி வந்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். நன்றாகப் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேர்க்கும்போதே முன்பணம் கட்டச் சொன்னார்கள். மூன்று இரவுக்கு வந்த மொத்த பில் அப்பாவின் ஒரு வருடப் பென்ஷனைவிட அதிகம். கையில் பயணக் காப்பீடு இருந்தது. ஆனால் ரத்த அழுத்தம் அவருக்கு முன்பே இருந்த நோய், அதனால் வந்த சிக்கலுக்குப் பொறுப்பில்லை என்று மறுத்துவிட்டார்கள். பத்திரத்தில் அது அச்சாகித்தான் இருந்தது. வாங்கும்போது நான் படிக்கவில்லை.

அதனால் இப்போது நான் சொல்வது மூன்று. ஊரில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டை ஒருபோதும் விடாதீர்கள். இங்கே அது செல்லாது என்று நினைத்துப் பிரீமியம் கட்டாமல் விட்டால், பிறகு புதிதாக எடுக்கும்போது முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கும். இந்தியாவில் அது இப்போது மூன்று வருடம்வரை போகலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீடும் அப்படித்தான், பென்ஷனில் பிடித்தம் ஆகிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு ஓடட்டும். பெரிய அறுவைச் சிகிச்சை, திட்டமிட்டுச் செய்யக்கூடியது என்றால், விமானம் ஏறித் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ செய்துகொள்ளும் வழி திறந்தே இருக்கும்.

இரண்டாவது, இங்கே வெளிநாட்டவருக்கும் மருத்துவமனைக் காப்பீடு விற்கிறார்கள். ஆனால் சேருவதற்கு வயது வரம்பு பார்ப்பார்கள், முன்பே இருக்கும் நோயைத் தள்ளிவிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள் உடனே விசாரியுங்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கதவு பெரும்பாலும் சாத்திவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். காப்பீடு எதுவானாலும், அவசர மருத்துவத்துக்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும். வேறெதற்கும் தொடாத தொகை, சிங்கப்பூர் வெள்ளியில், ஒரே நாளில் எடுக்க முடிகிற இடத்தில். நாங்கள் நாலு பிள்ளைகளும் சேர்ந்து போட்டு வைத்திருக்கிறோம். ஊரில் இருக்கும் தம்பி தன்னால் முடிந்ததைப் போடுகிறான். யார் எவ்வளவு என்பதை அப்பா நன்றாக இருக்கும்போதே பேசி முடித்துவிட்டோம். மருத்துவமனை வராந்தாவில் நின்று பேசுகிற பேச்சு அல்ல அது.

என் மெடிசேவ் பணத்தை அம்மாவுக்குப் பயன்படுத்தலாமா?

நீங்கள் நிரந்தரவாசி அல்லது குடிமகன் என்றால் முடியும். மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று சேரும் மெடிசேவ் பணத்தைப் பெற்றோருக்காக, அவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும், வரம்புக்கு உட்பட்டு எடுக்கலாம். தாத்தா பாட்டிக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ எடுக்க, அவர்கள் இங்கே குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்குச் சேமநிதியே கிடையாது, எனவே இந்த வழியும் இல்லை.

ஊரிலிருந்து மாத்திரை கொண்டு வரலாமா? இங்கே விலை அதிகம் என்கிறார்களே.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத் தேவை அளவுக்குக் கொண்டு வரலாம். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். தூக்க மாத்திரைகள், கோடின் கலந்த மருந்துகள் போன்ற சிலவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. இதில் விளையாட வேண்டாம்.

சிங்கப்பூரில் இருந்தால் பென்ஷன் நின்றுவிடுமா?

நிற்காது. ஆனால் வருடம் ஒருமுறை நீங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பர் மாதம், 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். வருங்கால வைப்புநிதிப் பென்ஷன்காரர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தரலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு இதற்கு நேர்காணல் என்று பெயர். உங்கள் மாதம் எது என்று கருவூலத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜீவன் பிரமான் என்ற மின்னணு உயிர்ச்சான்று முறையில் போனில் முகம் காட்டியே சான்று கொடுக்கலாம், ஆதார் இணைந்திருக்க வேண்டும். அது சரிவராவிட்டால் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். எங்கள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் அந்த மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

நான் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆகிவிடுவேனா?

ஊரிலிருந்து பெரியவர்கள் போனில் அதிகம் கேட்பது இது. பிள்ளைகள் தவறாகச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

இரண்டு சட்டங்கள், இரண்டு அளவுகோல்கள். வருமான வரிச் சட்டம் நாளை எண்ணுகிறது. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், நீங்கள் அங்கே வசிப்பவர்தான். அதற்குக் கீழே போனாலே என்.ஆர்.ஐ. என்று நினைக்காதீர்கள். 60 நாள் இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாள் இருந்திருந்தாலும் வசிப்பவர் என்ற பொது விதி இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பேரப்பிள்ளையோடு இருக்கக் கிளம்பும் பெற்றோர் வேலைக்குப் போகிறவர்கள் இல்லை, அந்த விலக்கு தானாக வந்து ஒட்டாது.

அந்நியச் செலாவணிச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு எதுவும் மாறாது. எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத நிலையில் வெளிநாட்டில் குடியிருக்கத் தொடங்கினால், வங்கியில் சொல்லிச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும்.

மாற்றினால் என்ன நட்டம்? என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துவிடுவார்கள். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்தவர்கள் கொடுத்துப் பழகிய 15எச் படிவத்தால் அதைத் தடுக்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் பணம் போட முடியாது. 30 லட்சம் வரை போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கும் திட்டம் அது, 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது. ஓய்வுபெற்றவர்களுக்கு அதைப் போல ஒரு ஆதாரம் கிடைப்பது அரிது.

அதனால் பலருக்கு நான் சொல்வது: உடம்பு ஒத்துழைத்தால் வருடத்தில் பாதிக்கு மேல் ஊரில், மீதி இங்கே. மார்கழி, தைப் பொங்கல், கோயில் திருவிழா எல்லாம் அங்கே. பேரப்பிள்ளையின் ஜூன் விடுமுறைக்கு இங்கே. பணத்துக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

ஊரில் உள்ள பணத்தை இங்கே எப்படிக் கொண்டு வருவது?

சின்னத் தொகைக்கு எளிய வழி, இந்தியாவின் யு.பி.ஐ.யையும் இங்கே போன் எண்ணுக்குப் பணம் அனுப்பும் பேநவ் முறையையும் சேர்க்கும் யு.பி.ஐ. – பேநவ் இணைப்பு. 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வாடிக்கையாளர்கள் அங்கிருந்து அனுப்பும் வசதியோடு அது தொடங்கியது. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் என்ற வரம்போடு, மகனின் பேநவ் எண்ணுக்குப் பணம் நேராக வந்துவிடும்.

பெரிய தொகை என்றால், இந்தியாவில் வசிப்பவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். நம்மில் யாருக்கும் அந்த வரம்பு இடிக்காது. இடிப்பது வேறு ஒன்று. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் முன்வரியாக வசூலிப்பார்கள். மருத்துவத்துக்கென்று அனுப்பினால் விகிதம் குறைவு. இது தொலைந்துபோகும் பணம் இல்லை, வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை முடங்கும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்தால் பாரம் குறையும். கணவன் மனைவி இருவருக்கும் வரம்பு தனித்தனி.

என் பென்ஷனுக்குச் சிங்கப்பூரில் வரி உண்டா?

இல்லை. வெளிநாட்டில் கிடைத்து இங்கே கொண்டு வரும் வருமானத்துக்குச் சிங்கப்பூர் தனிநபரிடம் வரி கேட்பதில்லை.

அப்பா அம்மா என்னோடு இருந்தால் எனக்கு வரிச் சலுகை உண்டாமே?

உண்டு. 55 வயது கடந்த பெற்றோர் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒருவருக்கு 9,000 வெள்ளி கழிவு, சிங்கப்பூரிலேயே வேறு வீட்டில் இருந்து நீங்கள் செலவு செய்தால் 5,500. நிபந்தனை ஒன்று: முந்தைய ஆண்டில் அவர்கள் ஒவ்வொருவரின் வருமானமும் 8,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. 2025 வரி ஆண்டுக்கு முன் அது 4,000-ஆக இருந்தது.

ஊர்ப் பென்ஷன், வங்கி வட்டி, வீட்டு வாடகை எல்லாம் இதில் சேரும். ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் பென்ஷன் என்றால் வருடத்துக்குச் சுமார் 6,860 வெள்ளி, வரம்புக்குள் வரும். 50,000 என்றால் சுமார் 8,570, சலுகை போய்விடும். அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லையென்றால் அவருக்காக மட்டுமாவது கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கிளம்பும்போது மறந்துவிடக் கூடாத ஒன்று?

ஊர் சிம் கார்டு. சிரிக்காதீர்கள். வங்கி, ஆதார், பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை முடக்கலாம். அப்பாவின் எண் அப்படித்தான் போனது. மருத்துவமனை பில் கட்ட ஊரில் இருந்த வைப்புத்தொகையை உடைக்க நினைத்தோம். ஓ.டி.பி. வரவில்லை. வங்கியில் போன் செய்தால் வாடிக்கையாளர் நேரில் வர வேண்டும் என்றார்கள். வாடிக்கையாளர் இங்கே படுக்கையில் இருந்தார். வெளிநாட்டு ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்து, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

வங்கிக் கணக்குகளைக் கணவன் மனைவி பெயரில், இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற வகையில் மாற்றுங்கள். ஊர்ச் சொத்து வேலைகளுக்கு ஒருவரை நியமிக்க அதிகாரப் பத்திரம் தேவைப்பட்டால், ஊரிலேயே பதிவு செய்துவிட்டு வருவது சுலபம். இங்கே எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற நேரம் போக, பகுதிநேர வேலை செய்யலாமா?

கூடாது. டியூஷன் எடுப்பதும், அக்கம்பக்கத்தாருக்குச் சமைத்து விற்பதும் வேலைதான். அதற்குரிய அனுமதி இல்லாமல் செய்தால் பாஸுக்கே ஆபத்து.

மாதம் எங்களுக்கு எவ்வளவு தேவைப்படும்?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு மாறும். எதிர்பாராத செலவு எதில் வரும் என்று சொல்கிறேன். பேருந்து, ரயிலில் மூத்தோர் கட்டணச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நீங்கள் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். பொருள் சேவை வரி 2024 முதல் 9 சதவீதம், கடைப் பொருளிலும் மருத்துவக் கட்டணத்திலும் அது இருக்கிறது. பல், கண், காது ஆகியவற்றுக்கான வைத்தியத்தைக் கிளம்பும் முன் ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தை எப்போதும் கையில் வையுங்கள். ஊரில் ஒரு துக்கம் என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டியிருக்கும், அன்றைக்கு விலை பார்க்க முடியாது.

அப்பா பென்ஷன் முழுவதையும் எங்களிடமே கொடுத்துவிடுகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வாங்காதீர்கள். அன்போடு கொடுக்கிறார், தெரியும். ஆனாலும் வேண்டாம். வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு தர விரும்பினால், அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி அவர் கணக்கிலேயே இருக்கட்டும்.

அம்மாவுக்கும் தனியாக வேண்டும். பாஸ் அட்டையும் பாஸ்போர்ட்டும் கொண்டு போனால் இங்கேயே வங்கிக் கணக்கு தொடங்கலாம், முன்கூட்டியே வங்கியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவுக்கு வந்த முதல் வருடம் நான் அதைச் செய்யவில்லை. கோயில் உண்டியலில் போட ஐந்து வெள்ளி வேண்டுமென்றால்கூட என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்த பெண். நான் கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும். இப்போது மாதம் முதல் தேதி அவர் கணக்கில் பணம் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டில் பூவும் முருங்கைக் கீரையும் அவரே வாங்கி வருகிறார். என்ன விலை என்று நான் கேட்பதில்லை.